கழுவிய பிறகுதான் மருந்து

நாற்று வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. விலை நல்லா இருக்கிற நேரத்தில் கூடாரத்தை வெறுமையாகப் போட்டு வைத்திருக்கிறோமே என்று தெல்தோட்டையில் கேட்காத ஆளில்லை. "க்ளோரொக்ஸைத் தெளிச்சிட்டு நட வேண்டியதுதானே?" வீட்டிலும் இதே பேச்சுதான்.

போன போகத்தில் எங்கள் பொலித்தீன் கூடாரத்தில் தக்காளி காய் பிடிக்கும்போதே, இலை பச்சையாக இருக்க, செடி செடியாக வாடிச் சாய்ந்தன. ஒரு தண்டை வெட்டி கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் பிடித்துப் பார்த்தோம். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் நூல் நூலாக இறங்கியது. பக்டீரியா வாடல். வந்த செடியைக் குணமாக்க மருந்தே இல்லை. ராத்தாவின் காப்பு இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. இரண்டாவது தடவை தாங்க மாட்டோம்.

அதனால் இந்த முறை ஒழுங்காகவே செய்கிறோம். பழைய செடிகளை வேரோடு பிடுங்கி, காயவைத்து எரித்தோம். பசளைக் குழியில் போடவில்லை. கட்டிய கயிறுகளையும் எரித்தோம். கூடாரத்தைச் சுற்றியிருந்த களையையும் வெட்டினோம். வெள்ளை ஈ பதுங்குவது அங்கேதான்.

அடுத்தது தேய்ப்பு. கூரையிலிருந்து கீழ்நோக்கி, சவர்க்காரத் தண்ணீரும் பிரஷும். பொலித்தீனில் பிடித்த பாசி போனதும் உள்ளே வெளிச்சமே கூடிவிட்டது.

வாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "மருந்துதானே கிருமியக் கொல்லுது. அப்போ என்னத்துக்கு இந்தத் தேய்ப்பு?"

குளோரின் கிருமியை மட்டும் தேடிப் போவதில்லை. மண், பாசி, காய்ந்த இலை எது முன்னால் வந்தாலும் அதிலேயே தன் வலுவைச் செலவழித்துவிடும். அழுக்கின் மேல் தெளித்தால் காசுதான் போகும். வகுப்பில் சொல்வது போல இதையெல்லாம் விளக்கிப் பார்த்தோம். கடைசியில், "நஜீஸ் ஒட்டியிருக்க, உளூ மட்டும் செஞ்சா தொழலாமா வாப்பா?" என்று கேட்டோம். ஒன்றும் பேசாமல் பிரஷை எடுத்துக்கொண்டார்.

கழுவிய பிறகுதான் மருந்து. போத்தலில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் என்றிருந்தால், 1 லீட்டருக்கு 9 லீட்டர் தண்ணீர். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். வைத்திருந்தால் வலு குறையும். பட்ட இடம் 10 நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். இரும்புக் கம்பிகளைப் பிறகு நல்ல தண்ணீரால் அலச வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். சொட்டுநீர்க் குழாயின் உப்புப் படிவை எடுக்க அமிலம் பாவிக்கிறவர்கள் கவனம்: அமிலமும் குளோரினும் ஒருபோதும் ஒன்றுசேரக் கூடாது. வரும் வாயு நுரையீரலைக் கெடுக்கும்.

மண்ணுக்குள் இருக்கும் பக்டீரியாவை இந்தத் தண்ணீர் எட்டாது. ஆகவே தரையைப் பொலித்தீனால் மூடிவிட்டு, புதுத் தும்புத்தூள் பைகளில்தான் நடப்போகிறோம்.

இன்னொன்று. நம்ம ஊர் சரிவான ஊர். மேலே கழுவும் தண்ணீர் கீழே இருப்பவரின் பாத்திக்குத்தான் போகும், நோயும் கூடவே போகும். கீழ்த் தோட்டத்துக்காரரும் தக்காளிதான் போட்டிருக்கிறார். அதனால் ஒரு நாள் முழுக்க மினக்கெட்டு, தண்ணீர் அந்தப் பக்கம் ஓடாமல் குழி வெட்டினோம். நம்ம கூடாரம் சுத்தமாகி அவருடைய பயிர் வாடினால் அது என்ன சுத்தம்?

பயிரில் சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழைத்துக் கேளுங்கள். பன்னிரண்டு நாளில் எங்கள் நாற்று வரும், இன்ஷா அல்லாஹ். அதுவரை எங்கள் கூடாரம் வெறுமையாகத்தான் இருக்கும்.