வண்டி நிற்கும் நிமிடங்கள்

108 ஆம்புலன்ஸ் என்றதும் சைரனும் வேகமும்தான் நம் நினைவுக்கு வரும். விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டி வழியாகப் போகும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலைப் பக்கத்தில், முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வண்டியின் இரவு ஷிஃப்டில் கூடப் போனேன். வண்டி ஓடுகிற நேரத்தைவிட அது நிற்கிற நேரத்தைத்தான் அதிகம் கவனித்தேன். இவர்களுடைய தொழில் திறமை வெளிப்படுவது அப்போதுதான் என்பது என் முடிவு.

வண்டியில் இரண்டே பேர். ஓட்டுபவரைப் பைலட் என்கிறார்கள். ஐம்பதை நெருங்கும் மனிதர். பின்னால் இருப்பவர் மருத்துவ உதவியாளர்; பி.எஸ்ஸி. முடித்துப் பயிற்சி பெற்று வந்த இளம்பெண். அந்தப் பெண் பைலட்டை ‘ணா’ என்பார், பைலட் அவரைப் ‘பாப்பா’ என்பார். ஷிஃப்ட் 12 மணி நேரம். இரவு எட்டு மணிக்கு வண்டியைக் கையில் வாங்கியதுமே அந்தப் பெண் ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தார். ஆக்ஸிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது, சளி உறிஞ்சும் கருவி இழுக்கிறதா, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கின் முகமூடிகள் பெரியவருக்கும் குழந்தைக்கும் தனித்தனியாக இருக்கின்றனவா, பிரசவ கிட் பிரிக்காமல் இருக்கிறதா. பைலட் டயரையும் டீசலையும் பார்த்துவிட்டு, பகல் ஷிஃப்ட்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “எந்த ஊர் ரோட்ட வெட்டிப் போட்டிருக்கான்?”

ஹைதராபாத்தில் 2005 ஆகஸ்டில் தொடங்கிய இந்தச் சேவை தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. எந்தக் கிராமத்திலிருந்து 108 அடித்தாலும் அழைப்பு சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். அவர்கள் விவரம் கேட்டு, பக்கத்தில் இருக்கிற வண்டிக்கு அனுப்புகிறார்கள். செல்போனில் வரைபடம் வந்துவிடும். ஆனாலும் பைலட் அழைத்தவருக்குத் திரும்பப் போன் போட்டு, எந்தக் கோயில், எந்த டேங்க், எந்த டீக்கடை என்று கேட்டுக்கொள்வார். வரைபடத்துக்கு ரயில்வே கேட் எப்போது மூடும் என்று தெரியாது. இவருக்குத் தெரியும்.

முதல் கேஸ் நெடுஞ்சாலையில். நடுத்திட்டின் இடைவெளியில் பைக்கைத் திருப்பியவரை ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போயிருந்தது. நாங்கள் போனபோது ஐந்தாறு பேர் சேர்ந்து அவரை உட்கார வைத்திருந்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்ற இழுத்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் கையில் தண்ணீர் பாட்டில். அவ்வளவும் நல்ல மனசோடு செய்தவை. ஆனால் நினைவு தப்பியவர் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் ஹெல்மெட்டை ஒரே இழுப்பாக இழுப்பது தண்டுவடத்தையே சிதைத்துவிடும்.

அந்தப் பெண் போனதும் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பைலட்டும் அதற்குள் இறங்கி வந்திருந்தார்; சம்பவ இடத்தில் அவர் இரண்டாவது ஜோடிக் கை. ஒருவர் கீழிருந்து தாடையையும் பிடரியையும் தாங்கிக்கொள்ள, மற்றவர் ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் விரித்து மெல்ல மெல்லக் கழற்றினார். பிறகு கழுத்துக் காலர். பிறகு “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்லி, தலையும் முதுகும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி ஒருக்களித்து, அடியில் பலகையைச் செருகினார்கள். “இன்னும் என்னம்மா பண்ணிக்கினு இருக்க? ஏத்திக்கினு கெளம்பு” என்று ஒருவர் வண்டியின் பக்கவாட்டில் ஓங்கி அடித்தார். அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. முதுகுப் பக்கம் ரத்தம் கசிகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைத்தான் நான் திறமை என்கிறேன். சுற்றி நிற்பவர்களின் பதற்றத்தைத் தன் கைகளுக்குள் விடாமல் இருப்பது.

நள்ளிரவு தாண்டி வந்த அழைப்பு, “ஆயாவுக்கு வயித்து வலி, வாந்தி” என்றது. சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு கூரை வீடு. வாயுத் தொல்லையாக இருக்கும் என்று வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் டார்ச்சை எடுத்து ஆயாவின் முகத்தையே பார்த்தார்.

“ஆயா, கண்ண நல்லாத் தொறங்க.”

“தொறந்துதாம்மா இருக்கன்.”

இமை பாதிக்கு மேல் எழவில்லை.

“ராத்திரி எங்க படுத்திருந்தீங்க?”

“இதோ, தரையிலதான். பாய் போட்டு.”

மூச்சு விடாமல் ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார். ஒன்பதில் குரல் கம்மி நின்றது. கை கால் முழுக்கத் தேடியும் கடிவாய் தெரியவில்லை. அது இல்லை என்பதே அவருடைய சந்தேகத்தை வலுவாக்கியது. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும், தூங்குகிறவரைக் கடிக்கும். பல் சிறியது. வீக்கமோ வலியோ பெரும்பாலும் இருக்காது. தூக்கத்தில் எறும்பு கடித்ததுபோல இருந்துவிட்டுப் போகும். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி வரும், இமை சரியும், நாக்கு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். கண்ணாடி விரியன் கடித்தால் கால் வீங்கி ஊரே கூடிவிடும். கட்டுவிரியன் அப்படிக் காட்டிக்கொடுக்காது.

கட்டுப்பாட்டு அறையில் இரவெல்லாம் மருத்துவர் இருப்பார். அவரைப் போனில் பிடித்து, பார்த்ததை வரிசையாகச் சொன்னார். இப்போது எழுந்த கேள்வி, எங்கே கொண்டுபோவது? ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருக்கிறது. பாம்புக்கடி மருந்தும் அங்கே கிடைக்கும். ஆனால் இந்த ஆயாவுக்கு இன்னும் ஒரு மணி நேரத்தில் வென்டிலேட்டர் தேவைப்படலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போங்கள், வழியில் மூச்சு குறைந்தால் ஆம்பு பேக் போடுங்கள் என்றார் மருத்துவர். இதற்கெல்லாம் சேர்த்து அந்த வாசலில் வண்டி நின்ற நேரத்தை வெளியிலிருந்து பார்ப்பவர் தாமதம் என்றுதான் சொல்வார். அந்த நேரம் நிற்காமல் போயிருந்தால், வயிற்று வலி என்ற பெயரில் ஆயா எங்கோ ஒரு கட்டிலில் விடியும்வரை படுத்திருப்பார்.

(நம் நாட்டில் தரும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரானது. அதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பங்கை எடுத்துத் தருபவர்கள் வடநெம்மேலியில் 1978-இல் சங்கம் அமைத்த இருளர் பழங்குடியினர். இந்த மாவட்டத்தில் செங்கல் சூளைகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் இருளர்கள் கொத்தடிமைகளாகச் சிக்கிய செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றும் மருந்துக்குப் பின்னால் இவர்கள் இருப்பதை நம்மில் பலர் அறியவே மாட்டோம்.)

பாதி வழியில் ஆயாவின் மூச்சு மேலோட்டமாகிவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியை அழுத்த, மற்ற மூன்று விரல்களும் தாடையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொரு கையால் ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை பையை அமுக்கினார். வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குப் போய்விடும். முன்னாலிருந்து பைலட் குரல் கொடுத்துக்கொண்டே ஓட்டினார்: “மேடு வருது பாப்பா... எடது திரும்பறன்.” அவர் ஒவ்வொரு முறை சொன்னபோதும் அந்தப் பெண் முழங்காலை ஸ்ட்ரெச்சரில் முட்டுக்கொடுத்துக்கொண்டார், முகமூடி விலகவில்லை. வழிவிடாத வண்டிக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. பெரும்பாலானவர்கள் வழி விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பைலட்டுக்குத் தொல்லை தந்தது ஆம்புலன்சின் வால் பிடித்து வந்த ஒரு கார்தான்.

ஒப்படைத்த பின் வண்டியைக் கழுவி, மருந்து தெளித்துத் துடைத்து, படிவம் நிரப்பினார்கள். அதன் பிறகுதான் சாப்பாட்டுப் பையைத் திறந்தார்கள். இவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை. அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனத்தின் பணியாளர்கள். ஊதியத்துக்காகவும் வேலை நேரத்துக்காகவும் இவர்களின் சங்கம் பலமுறை போராட்ட அறிவிப்பு கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ‘மக்கள் அவதி’ என்று செய்தி வருகிறது. பன்னிரண்டாவது மணி நேரத்திலும் ஒருவருடைய விரல்கள் முகமூடியை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், அந்த விரல்களுக்கு ஓய்வும் நியாயமான சம்பளமும் கொடுக்க வேண்டாமா?

விடியும் முன் ஒரு பிரசவக் கேஸ். கிராமத்துச் சாலையைத் தாண்டும் முன்னமே குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. “நிறுத்துங்கணா” என்றார் அந்தப் பெண். பைலட் ஓரங்கட்டி, உள் விளக்கை எல்லாம் போட்டுவிட்டு இறங்கி வெளியே நின்றார். “ஏம்பா நிறுத்தற, ஓட்டுப்பா” என்று மாமியார் கத்தினார். ஆடும் வண்டியில் பிரசவம் பார்க்கக் கூடாதும்மா என்று பைலட் பொறுமையாகச் சொன்னார். உள்ளே குழந்தை வந்தது. துடைத்துத் தாயின் வயிற்றின் மேல் போட்டு, தொப்புள்கொடியின் துடிப்பு அடங்கும்வரை காத்திருந்து, இரண்டு இடத்தில் கிளிப் போட்டு நடுவில் வெட்டினார். பிறந்த நேரத்தைத் தன் கையுறையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டார். நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா என்று பார்த்து, ரத்தப்போக்கு கட்டுக்குள் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான், “போலாம்ணா.”

தாயையும் சேயையும் கொண்டுபோனதும் முண்டியம்பாக்கத்துக்குத்தான். கொண்டுபோய் விட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று இவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அடுத்த கேசுக்கு அதே மருத்துவமனைக்குப் போனால், தாங்களாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்தப் பெண் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் ஆயாவைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தார். கட்டுவிரியன்தான் என்று வைத்து மருந்து ஏற்றியிருக்கிறார்களாம், வென்டிலேட்டரில்தான் இருக்கிறாராம். இந்த நஞ்சு நரம்பு முனைகளையே கெடுத்துவிடும், அவை மறுபடி வளர நாள் பிடிக்கும், மருந்து போட்டதும் எழுந்து உட்கார மாட்டார்கள் என்று எனக்கு விளக்கினார். “நாளைக்கு இந்தப் பக்கம் கேஸ் வந்தா திரும்பக் கேக்கணும்ணா” என்றார் பைலட்டிடம்.