இரண்டரை டன்னின் அடியில்

இருபது வயதான சொகுசு ஜீப் மஸ்கட்டில் சம்பளக்காரன் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிடுகிறது. உதிரிபாகங்களின் விலை மட்டும் இறங்குவதில்லை. ஆகவே 2004 மாடல் லெக்சஸ் எல்எக்ஸ் 470 வாங்குகிறவன் ஸ்பேனர் பிடிக்கவும் தயாராக இருக்க வேண்டும். நான் அந்த ஆசையோடுதான் வாங்கினேன். ஓமான் மலைகளில் என்னைச் சுமந்து போகப்போகும் எந்திரத்தைக் கையால் தொட்டு அறிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

தோல் இருக்கைகளுக்குக் கீழே இது லேண்ட் குரூசர் 100தான். அதே 4.7 லிட்டர் வி8, நான்கு சக்கரங்களையும் எப்போதும் இழுக்கும் அமைப்பு. இதன் சிறப்பு சஸ்பென்ஷனில்தான் இருக்கிறது. பம்பு எண்ணெயைத் தள்ள வண்டியே உயரும், எண்ணெய் திரும்பினால் தாழும். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு இரும்பு உருண்டைகள். உள்ளே ஒரு சவ்வு; அதன் ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது அமுங்கி விரிவது அந்த வாயுதான். ஆண்டுக்கணக்கில் அது சவ்வு வழியே மெல்லக் கசிந்துவிடும். அது யாருடைய குறையும் அல்ல, வயது.

வாயு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. வண்டியை முழு உயரத்துக்குத் தூக்கி, எண்ணெய்த் தொட்டியில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, முழுதாகத் தாழ்த்த வேண்டும். எண்ணெய் திரும்பி வந்து தொட்டியின் கோடுகளில் ஏறும். புது உருண்டைகள் என்றால் பதினான்கு கோடு வரை ஏறும். ஏழுக்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும். என் வண்டியில் ஐந்து.

பர்காவில் நாகர்கோவில் நண்பரின் வீட்டு முற்றத்தில், மார்கழிக் குளிரில் வேலையைத் தொடங்கினோம். இரண்டரை டன் வண்டி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு கொடுத்தே ஆக வேண்டும். முதலில் எண்ணெயின் அழுத்தத்தை வெளியேற்றினோம். பிறகு உருண்டைகள். துருவேறிப் பிடித்திருந்ததில் ஒன்று அசையவே இல்லை. “அண்ணே, அவசரப்படாதீங்க, எண்ணெய் விட்டு ஊற வைப்போம்” என்றார் நண்பர். மறுநாள் காலையில் அது அசைந்து கொடுத்தபோது கிடைத்த மகிழ்ச்சி பெரியது. புதியவற்றை ஏற்றி, எண்ணெய் நிரப்பி, குழாயில் குமிழி நிற்கும்வரை காற்றெடுத்தோம். முன்பக்க டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பிகளின் போல்ட்டுகளையும் சற்று முறுக்கி, எண்ணெய் சுமக்கும் பாரத்தைக் குறைத்தோம். அந்தச் சுமை கூடினால் புது உருண்டையும் திணறும்.

பிறகுதான் பயணம். அல் ஹம்ராவிலிருந்து தார்ச்சாலையில் ஏறி, ஷரஃபத் அல் அலமைன் முகட்டுக்குப் போனோம். அங்கிருந்து வாதி பனீ அவ்ஃப் பக்கம் நாங்கள் இறங்கியது சரளைப் பாதை. ஒரு புறம் பாறை, மறுபுறம் வெறும் ஆகாயம். லோ கியரில் போட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல், எஞ்சினே பிடித்து நிறுத்த இறங்கினேன். குறுகிய வளைவுகளில் நண்பர் இறங்கி முன்னால் நடந்தார். “ஒடிங்கண்ணே... இன்னும் வரலாம்... நில்லுங்க!” முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது, நாற்காலிக்கு வந்தது ஒரு மெல்லிய அசைவு மட்டும். எந்த உருண்டையில் எந்த வாயு அந்த அடியை வாங்கிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். வாடகை வண்டியில் வந்திருந்தால் அந்த மலை எனக்கு வெறும் காட்சியாக மட்டுமே இருந்திருக்கும்.

பிலாத் ஸைத் கிராமத்தில் பேரீச்சை மரங்களுக்கிடையே ஃபலஜ் வாய்க்கால் ஓடுகிறது. அதற்கும் கீழே, மொட்டை மலைகளின் நடுவில், பச்சைப் பசேலென்று ஒரு கால்பந்து மைதானம். அங்கே வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் குனிந்து பார்த்தோம். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

அடுத்தது டைமிங் பெல்ட். 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள். இந்த வண்டிக்குக் கெடு நெருங்கிவிட்டது. ஜூனில் கரீஃப் என்னும் பருவமழை தொடங்குமுன் அதை முடித்துவிட்டால், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸலாலாவுக்குப் புறப்படலாம். நண்பர் இப்போதே முற்றத்தைப் பெருக்கி வைத்திருக்கிறார்.