கோணமாமலையுங் கடலும்

ஈழநாட்டின் கீழ்கரைக்கண் விளங்குந் திருக்கோணமலை, ஆளுடைய பிள்ளையாராற் பாடப்பெற்ற திருத்தலமென்பது சைவவுலகம் நன்கறிந்ததொன்று. அந்நகர் இக்காலத்தில் வேறொரு வகையானும் பெயர் பெற்றுள்ளது. பங்குனி தொடங்கி ஆவணியீறாகக் கடல் அடங்கிக் கிடக்கும் நாட்களிற் பல தேயத்தாரும் அதன் வெண்மணற் கரைகளிற் குளித்தற்கும், பவளப்பாறைகளைக் காண்டற்கும், திமிங்கிலங்களைத் தேடிப் படகேறுதற்கும் வந்து குழுமுகின்றனர். ஐப்பசி கழிந்து வாடைக்காற்று மழையொடு வீசத் தொடங்கின் அக்கரைகள் வெறுமையாய்விடும். கோயிலொன்றே பின்னும் அன்பர்களால் நிறைந்திருக்கும். இவ்விருவகையாரும் ஒரே நகருக்கு வந்து, ஒருவரையொருவர் அறியாது மீளுதல் புதிதன்று. இருவகையாரும் ஒரே வண்டியில் வந்த செய்தியொன்றே ஈண்டுச் சொல்லத்தக்கது.

யாழ்ப்பாணத்துச் சிற்றூரொன்றில் முப்பதாண்டிற்கு மேலாகத் தமிழாசிரியராயிருந்து இளைப்பாறிய முதியவர் ஒருவர், கோணேசர் பதிகத்தை நாடோறும் பூசை முடிவில் ஓதும் நியமமுடையவர். எழுபத்தெட்டு வயதாகியும் அத்தலத்தை அவர் கண்டிலர். இளமையிற் பொருளின்மை தடுத்தது. பின்னர்ப் போர் தடுத்தது. பாதை அடைபட்டுந் திறந்தும் மீண்டும் அடைபட்டுங் கிடந்த அவ்வாண்டுகளில், பாதை திறந்தவுடன் கோணேசரிடம் போய்வரவேண்டுமென்று அவர் மனைவியார் ஓயாது சொல்லிக்கொண்டிருந்தார். 2009-ஆம் ஆண்டிற் போர் முடிவதற்கு முன்னரே அவ்வம்மையார் சிவபதமெய்தினார். அதன்பிற் பாதை திறந்தே கிடந்தது, முதியவர் போகவில்லை. காரணங் கேட்டார்க்கு முழங்கால் நோவைச் சொல்லி வந்தார்.

கனடாவிற் பிறந்து வளர்ந்த அவருடைய மகள்வயிற்றுப் பேரன் விடுமுறைக்கு வந்தபோதுதான் பயணம் அமைந்தது. திருக்கோணமலையிற் செய்யத்தக்கன இவையென்று பன்னிரண்டு செய்கைகளைக் கைப்பேசியிற் குறித்துக்கொண்டு அவன் வந்திருந்தான். முதியவர் மூக்குக்கண்ணாடியை இட்டு அதனைப் பார்த்தார். நிலாவெளிக் கடற்கரை முதலாவது, திமிங்கிலம் இரண்டாவது, மான்கள் ஏழாவது, கோணேசர் ஒன்பதாவது. "மானுக்குப் பின்னாகவா, தம்பி?" என்று மட்டுங் கேட்டு அவர் கைப்பேசியைத் திருப்பிக்கொடுத்தார். அக்கேள்வியின் சினத்தை அவன் அறிந்ததாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாகச் செல்வார்க்கு நகரை அணுகுமுன் கன்னியா வெந்நீரூற்று எதிர்ப்படும். கரைகட்டிய ஏழு சிறு கிணறுகள் அருகருகே உள. ஒன்றன் வெம்மை ஒன்றற்கில்லை. ஆழம் மூன்று நான்கடியே. ஆதலின் உள்ளிறங்காது வாளியால் முகந்து தலையில் வார்த்துக்கொள்ளுதலே வழக்கம். எரிமலை இல்லாத இந்நாட்டில் நீர் கொதிப்பதென்னையெனின், நிலப்பிளவுகளின் வழியே மிக ஆழத்திற் சென்ற மழைநீர் பூமியின் உள்வெப்பத்தாற் காய்ந்து மேலெழுகின்றதென்று நூலோர் கூறுவர். இராவணன் தன் அன்னைக்கு அந்தியக்கிரியை செய்தற்பொருட்டு உண்டாயின இவையென்பது வழிவழிச் செய்தி. பெற்றோர்க்கும் உற்றார்க்கும் ஈமக்கடன் கழிக்க இன்றும் மக்கள் அங்கு வருகின்றனர்.

பேரனுடைய குறிப்பில் இஃது ஐந்தாவது. ஒவ்வொரு கிணற்றிலும் விரல் தோய்த்து, எது மிகச் சுடுவதென்று அவன் விளையாட்டாக ஆராய்ந்து கொண்டிருந்தான். ஏழாங் கிணற்றை அடைந்து திரும்பியபொழுது, முதியவர் வீட்டிலிருந்து முடிந்துகொண்டுவந்த எள்ளை உள்ளங்கையிலிட்டுத் தென்றிசை நோக்கி நிற்பதைக் கண்டான். யாருக்கென்று அவன் கேட்கவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, வாளியை எடுத்து அவர் கையில் நீர் வார்த்தான். ஏழு கிணற்று நீரும் அவ்வாறே வார்க்கப்பட்டது.

மாலையிற் கோட்டைக்குட் சென்றனர். கடலை நோக்கி முந்நூறடிக்கு மேல் நிமிர்ந்து நிற்குஞ் சுவாமிமலைக்குப் போதற்கு அக்கோட்டை வாயிலையன்றி வேறு தரைவழியில்லை. மலையுச்சியிலும் இடையிலும் அடியிலுமாக முன்னர் மூன்று கோயில்கள் இருந்தன என்ப. 1622-ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அவற்றை இடித்துக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். எஞ்சியவை கடலில் வீழ்ந்தன. 1639-இல் ஒல்லாந்தரும் 1795-இல் ஆங்கிலேயரும் அக்கோட்டையைக் கைப்பற்றினர். இன்றும் அது படைவீடாகவே உளது. கொடியோடு படைக்கலமும் நிற்கும் அவ்வழியிற் புள்ளிமான்கள் அச்சமின்றித் திரிகின்றன. அன்பர் சிலர் அவற்றிற்குப் பழமுங் கிழங்கும் அளிப்பர். அளித்தல் நன்றே, பழங் கொணர்ந்த பொலித்தீன் பையை அங்கேயே விட்டுச்செல்லுதல் அம்மானுக்கு நஞ்சிடுதலோடொக்கும். ஏழாவது செய்கை இவ்வாறு எளிதின் முடிந்தது.

கோயில் இல்லாதிருந்த காலத்தும் வழிபாடு ஒழிந்ததில்லை. மலையின் விளிம்பில் நின்று, கீழே அலையெறியுங் கடலைக் கருவறையாகக் கொண்டு, பூவும் வெற்றிலையுந் தேங்காயும் எறிந்து, கர்ப்பூரங் காட்டித் தொழுது மீண்டனர் நம் முன்னோர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற ஐரோப்பியர் இதனைக் கண்டு எழுதியுமுள்ளனர். 1950-இற் கிணறு தோண்டியபொழுது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மை முதலிய பஞ்சலோகத் திருவுருவங்கள் மண்ணினின்றும் வெளிப்பட்டன. 1956-இல் ஆர்தர் கிளார்க், மைக் வில்சன் என்னும் ஆங்கிலேயர் இருவர் மலையடிக் கடலுள் மூழ்கி, செதுக்கிய கற்களுந் தூண்களுங் கிடப்பதைக் கண்டனர். 1963-இற் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

முதியவர் கோணேசப் பெருமானையும் மாதுமையம்மையையுங் கண்ணாரக் கண்டு நெடுநேரம் நின்றார். அறுபதாண்டிற்கு மேல் வாயாற் சொல்லிய பெயர் எதிரே விளங்கியது. பதிகம் ஓதத் தொடங்கினார், இரண்டாம் பாட்டிற் குரல் அடைத்தது, மனத்துள்ளேயே முடித்தார். பின்னர் இராவணன் வெட்டு என வழங்கும் மலைப்பிளவின் அருகே, பிள்ளைப்பேறு வேண்டுவோர் சிறு தொட்டில் கட்டிய மரத்தடியில் இருவரும் நின்றனர்.

"அம்மப்பா, நீங்கள் ஓதிய பாட்டிலுள்ள கோயில் இதுதானோ?" என்றான் பேரன்.

"இத்தலந்தான், இக்கட்டடம் அன்று."

"பழைய கோயில் எங்கே?"

முதியவர் கீழே கடலைச் சுட்டிக் காட்டினார். பேரன் விளிம்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு நெடுநேரங் குனிந்து நோக்கினான்.

மறுநாள் அவன் நிலாவெளிக்குப் போனான். முதியவர் கோயிலிலேயே தங்கினார். கடற்குளியல் உடம்பின் களிப்பு. தாம் வந்தது அதற்கன்று என்பது அவர் கருத்து. மாலையில் மீண்ட பேரன், தோல் கறுத்து உப்புப் பூத்த முகத்தோடு, கேட்குமுன்னரே சொல்லத் தொடங்கினான். நிலாவெளிக்கு அப்பாற் கடலினுட் கிடக்கும் புறாத்தீவிற்குப் படகிற் சென்றனன். 2003-ஆம் ஆண்டு முதல் அது தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் இடம். கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து முகத்தை நீருட் புதைத்த அளவிலே வேறோர் உலகந் தோன்றியது. மான்கொம்பு போலக் கிளைத்த பவளம். மஞ்சளும் நீலமுமாய்த் திரியும் மீன்கள். செட்டைநுனி கறுத்த சிறு சுறாக்கள் ஒருவரையுந் தீண்டாது வளைந்து போயின. கரையிலோ மணலே இல்லாதவாறு இறந்த பவளத்துண்டுகள் வெண்குவையாய்க் கிடந்தன. அலை வந்து மீளுந்தோறும் அவை கலகலவென்று ஒலித்தன. "கடல் அவற்றை ஓயாமற் கொண்டுவந்து போடுகிறது, அம்மப்பா" என்றான்.

முதியவர் நிமிர்ந்திருந்தார். அலைகள் முத்தும் மணியுங் கொணர்ந்து கரையிற் சொரிவதைப் பதிகம் மீட்டும் மீட்டும் பேசும். அதனைப் புலவர் வழக்கென்றே மாணாக்கர்க்கு அவர் விளக்கி வந்தார். பதிகத்தின் ஒரு சொல்லும் அறியாத பேரன் அதனைக் கண்டு வந்து சொல்லுகின்றான். நாடோறும் ஓதியவர் கடலுக்கு முதுகுகாட்டி ஒரு பகல் முழுதும் இருந்திருக்கின்றார்.

உயிர்களுக்கு உடம்புங் கருவியும் உலகும் நுகர்ச்சியும் இறைவன் அருளாற் கூட்டப்பட்டன என்பது சித்தாந்தத்தின் முதற்பாடங்களுள் ஒன்று. தனு கரண புவன போகம் என்னும் அந்நான்கனையும் அவரே எத்தனையோ மாணவர்க்குக் கற்பித்தவர். மலநீக்கத்தின்பொருட்டுத் தந்தானென்றவிடத்துக் கடற்கரையை மாத்திரம் அவன் தாராது விட்டான்கொல்லோ? அங்ஙனமாயின் கோயிலைவிட்டுக் கரைக்குப் போதலே அமையுமெனின், அஃது அப்பாடத்தைத் தலைகீழாகப் படித்தலாம். பாடியவர் மலையையுங் கடலையும் அமர்ந்தவனையும் ஒரு பாட்டுள்ளேயே வைத்தார், பிரித்துக்கொண்டவர்கள் பின்வந்தவர்கள்.

அன்றிரவு, மூன்றாம் நாட் காலையிற் படகு எத்தனை மணிக்கென்று முதியவர் கேட்டார். ஆறுமணிக்கு முன் என்றான் பேரன். அது காலைப்பூசை நேரம். அவனும் அதனை அறிந்திருந்தான். "நீங்கள் கோயிலுக்குப் போங்கள், அம்மப்பா, நான் பத்துமணிக்குள் வந்துவிடுவேன்."

"நானும் வருகிறேன்" என்றார் முதியவர். "பழைய கோயில் அங்கேயல்லவா கிடக்கிறது?"

விடியுமுன் எழுந்து, தங்கிய மனையிலேயே நியமங்களை முடித்துக்கொண்டு, முன்னாட் பூசையிற் பெற்ற பூவை இலையிற் பொதிந்து மடியிற் செருகி அவர் படகேறினார். படகோட்டி அவ்வூர் மீனவர். முழங்கால் நோவைக் கண்டு இருகையாலுந் தாங்கி ஏற்றினார். துறைமுகத்தின் பெருமையும், 1942 ஏப்பிரல் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதனைத் தாக்கிய கதையும் அவர் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய பாட்டனார் சொன்னவை அவை. கரையை அடுத்தே கடல் திடீரெனப் பாதாளமாய் இறங்குவதனாலேயே இங்குத் திமிங்கிலங்கள் அணுகி வருகின்றன என்றார். நீருள் அமைந்த பெரும் பள்ளத்தாக்கொன்று அத்துறைமுகத்தின் வாயில்வரை வருகின்றதென்பது ஆராய்ச்சியாளரும் உடன்பட்டதே. இரண்டு மணிநேரம் அலைந்தும் திமிங்கிலம் ஒன்றுந் தோன்றவில்லை. ஒருமுறை நெடுந்தொலைவில் நீர் எழுந்ததாகப் படகோட்டி காட்டினார், பேரன் காணவில்லை, முதியவர் கண்டதாகச் சொன்னார். அது பேரனைத் தேற்றுதற்குச் சொல்லியதாகவும் இருக்கலாம்.

மீளும்பொழுது படகு சுவாமிமலையின் அடிக்கு வந்தது. முதனாள் நின்று பார்த்த விளிம்பு வானத்தில் இருந்தது. கரும்பாறை செங்குத்தாய் இறங்கி நீருட் புகுந்தது. கோயிலின் மணியோசை மேலிருந்து இறங்கி வந்தது. படகோட்டி யாருஞ் சொல்லாமலே இயந்திரத்தை நிறுத்தி, தலையிற் கட்டிய துண்டை அவிழ்த்துக் கைகூப்பினார்.

"இதன் கீழேதான், ஐயா" என்றார்.

முதியவர் மடியிலிருந்த பொதியை அவிழ்த்தார். ஒரு பிடி பூவை நீரில் இட்டார். சிறிது நேரங் கழித்து இன்னொரு பிடியை இட்டார். அஃது அம்மம்மாவின் பங்கென்று பேரன் உணர்ந்துகொண்டான். பூக்கள் பாறையருகே சென்று, அலையோடு மீண்டு வந்து, படகின் பக்கலிற் சுழன்றன. முதியவர் பதிகத்தைத் தொடங்கினார். முதனாள் அடைத்த குரல் இன்று அடைக்கவில்லை. கடலோசை கேட்கின்றவிடத்துக் கடலைப் பாடிய பாட்டாதலின், ஒவ்வோர் அடியின் பின்னும் அலை ஒருமுறை பாறையில் மோதி மீள, அவர் அதற்கு இடம்விட்டு ஓதினார்.

பேரன் கைப்பேசியைக் கையிலெடுத்தான். படம் பிடிக்கப் போகின்றானென்று கருதி முதியவர் சால்வையைத் திருத்திக்கொண்டார். அவனோ அதனை அவர் வாயருகே நீட்டினான்.

"அம்மப்பா, முதலிலிருந்து ஒருமுறை, மெல்லப் படியுங்கள். முதற்சொல்லுக்கு என்ன பொருள்?"

படகோட்டி இயந்திரத்தின்மேல் வைத்த கையை எடுத்துவிட்டு அமர்ந்துகொண்டார்.