9 என்ற எண்ணும் 270 ரூபாயும்

பி.காம். படிக்கிறவனுக்கு எண்கள் மேல் காதல் வருமா? எனக்கு ஒரு எண் மேல் வந்தது. அது 9.

லீவு நாட்களில் சித்தப்பாவின் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுவேன். ஒரு சனிக்கிழமை இரவு கல்லாவை எண்ணினால், நோட்டில் இருப்பதைவிட 270 ரூபாய் குறைகிறது. மூன்று முறை எண்ணியும் அதேதான். மதியம் சித்தப்பா சாப்பிடப் போனபோது கல்லாவில் இருந்தது கடைப்பையன். சித்தப்பா எதுவும் சொல்லவில்லை, அவனைப் பார்த்தார், அவ்வளவுதான். "நான் எடுக்கலண்ணே" என்றான் என்னிடம். யாரும் கேட்காமலே!

அப்போதுதான் வகுப்பில் கேட்டது ஞாபகம் வந்தது. டிரையல் பேலன்ஸ் இடித்தால் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார், மீதியில்லாமல் போனால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 270-ஐ வகுத்தேன். சரியாக 30!

இதில் மாயம் ஒன்றுமில்லை. 63 என்றால் ஆறு பத்தும் மூன்றும். 36 என்றால் மூன்று பத்தும் ஆறும். இடம் மாறும்போது ஒவ்வொரு இலக்கத்தின் மதிப்பும் பத்து மடங்காகிறது அல்லது பத்தில் ஒன்றாகிறது. பத்துக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் 9. அதனால் கழித்தால் எப்போதும் 9-இன் மடங்குதான் (இங்கே 27). நாம் எட்டு எட்டாக எண்ணியிருந்தால் இந்தப் பெருமை 7-க்குப் போயிருக்கும்.

270 என்பது 90 × 3. ஆக, நூறாம் இடத்து இலக்கம் பத்தாம் இடத்து இலக்கத்தைவிட 3 அதிகமாக உள்ள வரிகளை மட்டும் பார்த்தால் போதும். 30-ஐ 300 என்று எழுதியிருந்தாலும் இதிலேயே மாட்டும். பக்கத்தில் அப்படி நான்கு வரிதான் இருந்தது. மூன்றாவது வரியில் 630. பில்லை எடுத்துப் பார்த்தால் 360. எழுதிய கை என்னுடையது!

இதே 9 இன்னொரு இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும். இலக்கங்களைக் கூட்டி விடையைச் சரிபார்க்கும் பழைய முறை ஒன்று உண்டு. 1202-இல் ஃபிபோனாச்சி எழுதிய 'லிபெர் அபாச்சி'யிலேயே இருக்கிறது. 23 × 14 = 322 சரியா? 2+3=5, 1+4=5, பெருக்கினால் 25, கூட்டினால் 7. விடையில் 3+2+2=7. சரி. ஆனால் 322-ஐ 232 என்று எழுதினாலும் கூட்டுத்தொகை அதே 7 தான்! இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. அங்கே தவறை மறைக்கும் அதே குணம்தான் கல்லாவில் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

இன்னொன்று. ஏதோ ஒரு தொகை தற்செயலாகவும் ஒன்பதில் ஒரு முறை 9-ஆல் வகுபடும். அதனால் 9 துப்புதான் கொடுக்கும், தீர்ப்பு சொல்லாது. தீர்ப்பு சொன்னது அந்த பில்.

சித்தப்பா மூன்று டீ சொன்னார். பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணே" என்றான், ஆனால் டீயைக் குடிக்கவில்லை. அது ஆறிப்போய் அப்படியே இருந்தது.

உங்கள் கணக்கும் எப்போதாவது இடித்தால் யார் முகத்தையும் பார்க்காதீர்கள். முதலில் 9-ஆல் வகுத்துப் பாருங்கள்.