வங்காலைச் சேற்றில் பூநாரைகள்

தள்ளாடியிலிருந்து மன்னார்த் தீவுக்குப் பஸ்ஸில் போகும் சகோதரிகள் தாம்போதியில் கண்ணயர்ந்துவிட வேண்டாம். மாரி தொடங்கிய பின் என்றால் இடப்பக்க யன்னலால் பாருங்கள். தெற்கே சேறும் முழங்கால் அளவு நீருமாகப் பரந்து கிடக்கும் பக்கம்தான் வங்காலைச் சரணாலயம். ஊசிவால் வாத்துகள் வட நாடுகளின் குளிருக்குத் தப்பி ஆயிரக்கணக்கில் இங்கே வந்து, பங்குனி சித்திரை வரை தங்குகின்றன. பூநாரைகளோ தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்னும். தூரத்தில் நின்று பார்த்தால் வெளுத்த சேலைகளைக் காயப்போட்டதுபோல இருக்கும்.

வெறும் சேறுதானே என்று நினைக்கக் கூடாது. கண்டல் வேர்களுக்கிடையிலும் சாதாழையிலும்தான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. பறவைக்கும் கரையில் நண்டு தெரியும் பெண்ணுக்கும் இது ஒரே அடுப்பு. விறகுக்காகக் கண்டலை வெட்டினால் இருவருக்கும்தான் நட்டம்.

இந்த இடம் 2008இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மன்னாரில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. ஊரவர் கூடிக் கருத்துச் சொல்லும் நிலைமையா அப்போது? 2010இல் 4,839 ஹெக்டேயர் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. (ராம்சர் ஈரானிலுள்ள ஒரு நகரம். ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை 1971இல் அங்கேதான் கைச்சாத்தானது.)

மீள்குடியேறிய பெண்கள் பலருக்குச் 'சரணாலயம்' என்ற சொல்லே பயம். "பறவைக்குக் காணி குடுத்திட்டினம், எங்களுக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சுண்டிக்குளமும் 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்து, 2015இல் தேசியப் பூங்காவானது.

இரண்டுக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. தேசியப் பூங்கா முழுவதும் அரச காணி. அனுமதியின்றி உள்ளே போகவே முடியாது. சரணாலயத்துக்குள் தனியார் காணிகளும் இருக்கலாம். உரித்தாளர் அங்கே குடியிருக்கலாம், பயிர் செய்யலாம். ஆனால் வேட்டையாடுவதும் முட்டை எடுப்பதும் இரண்டிலும் குற்றம். இதை எங்கள் பெண்களுக்கு யாரும் ஒழுங்காக விளக்கிச் சொன்னதாகத் தெரியவில்லை. பறவைகளைக் காப்பது அவசியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லை எங்கே என்று தெரியாதவளிடம் எதைக் காக்கச் சொல்வது?

ஆகவே காணி சரணாலயத்துக்கு அருகில் உள்ளவர்கள் தனித்தனியாக அலையாமல், மாதர் சங்கமாகவே பிரதேச செயலகத்துக்குப் போய் எல்லை வரைபடத்தைக் காட்டும்படி கேளுங்கள். உறுதியின் பிரதியையும் கையோடு கொண்டு போங்கள். உறுதி தொலைந்திருந்தால் அதையும் அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.