மதுரைச் சீமையின் வண்ணச் சிப்பாய்கள்

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியம்மனைப் பார்க்க வருவார்கள். அது முடிந்தால் நாயக்கர் மகால், ஜிகர்தண்டா. நான் சென்னையிலிருந்து மீசை பார்க்க வந்தேன். மண்ணிலும் சுதையிலும் செய்த வீரர்களின் மீசை.

என் பொழுதுபோக்கு அப்படி. கட்டைவிரல் உயரப் போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறேன். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். லண்டனில் வில்லியம் பிரிட்டன் கம்பெனி 1893இல் உள்ளே கூடாக வார்த்த ஈயச் சிப்பாய்களை விற்கத் தொடங்கியது. அந்தச் சிப்பாயின் உயரம் 54 மில்லிமீட்டர். அந்த அளவு இன்றும் செல்வாக்கோடு நிற்கிறது. ஐந்தே முக்கால் அடி ஆளை 32இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய அவ்வளவுதான் வருவான். அவன் கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதில் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளி வைத்தால் பேயைக் கண்டவன்போல் விழிப்பான். ஆகவே பழுப்புக் கோடு ஒன்றை இழுத்து, அதற்குள் மங்கலாக ஒரு வெளிச்சம் காட்டி, கண் இருக்கிறது என்று பார்ப்பவரை நம்பவைக்க வேண்டும். உடுப்பின் மடிப்புகளுக்கும் அதே கதை. ஆளைச் சுருக்கலாம், வெயிலைச் சுருக்க முடியாது. அவ்வளவு சின்ன உடம்பில் நிழல் சரியாக விழாது. தொப்பியின் கீழும் தாடையின் ஓரத்திலும் நாமே நிழலைத் தீட்டவேண்டும்.

நான் தீட்டுவது பழைய மதராஸ் ராணுவத்துச் சிப்பாய்களை. உடுப்புக்கு ஆதாரம் கிடைத்துவிடுகிறது. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய சீருடைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனித் துரைகளுக்காகச் சிப்பாயையும் அவன் மனைவியையும் ஜோடியாக வரைந்து கொடுத்த படங்கள் இருக்கின்றன. சிக்கல் முகத்தில்தான். வெளிநாட்டு வண்ணப் புட்டியில் ‘தோல் நிறம்’ என்று எழுதியிருக்கும், திறந்தால் ரோஜாப்பூ. மாநிறத்தை நாமே கலக்கவேண்டும். அந்தக் கலவை கைவந்தவர்கள் மதுரைப் பக்கம் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான், கொலுப் பொம்மை வேலை மும்முரமாக நடக்கும் ஆவணி மாதத்தில் ரயில் ஏறினேன்.

ஆட்டோ சம்மட்டிபுரம் வழியாகப் போனது. கம்பெனிச் சிப்பாய்களுக்குத் தலைவனாகி, மதுரையை ஆண்டு, பிறகு அதே கம்பெனியை எதிர்த்துக் கோட்டைக்குள் நின்று போரிட்டு, 1764 அக்டோபர் 15இல் தூக்கில் தொங்கிய மருதநாயகம் என்கிற யூசுப்கான் அடங்கியிருப்பது அங்கேதான். சிப்பாய் உடுப்பைப் பற்றி யோசித்துக்கொண்டு போகிறவனுக்கு அது நல்ல வாசல்.

விளாச்சேரி திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்து ஊர். தமிழ்ப் புலவர் பரிதிமாற் கலைஞர் 1870இல் பிறந்தது இங்கே. ஆனால் வண்டியைவிட்டு இறங்கியதும் கண்ணில் பட்டதெல்லாம் பொம்மை. திண்ணையில் பொம்மை, மாடிப்படியில் பொம்மை, தெருவோரம் விரித்த சாக்கில் தலை இல்லாத பொம்மை. கண்மாய் மண்ணைப் பிசைந்து இரண்டு பாதி அச்சுகளில் அழுத்தி எடுத்து, ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் சுடுகிறார்கள். நவராத்திரிக்குக் கொலு, கார்த்திகைக்கு விளக்கு, கிறிஸ்துமஸுக்குக் குடில் என்று ஆண்டு முழுக்க வேலை உண்டு. சுட்ட பொம்மைக்கு வெள்ளைப் பூச்சு. அதன்மேல் உடுப்பு நிறத்தைப் பெரும்பாலும் ஸ்பிரேயில் அடித்துவிடுகிறார்கள். முகம் மட்டும் தூரிகைக்கு என்று ஒதுக்கியிருக்கிறது.

முகம் எழுதிக்கொண்டிருந்த ஒரு மூத்த அம்மாவின் அருகே உட்கார்ந்தேன். அவருக்கு முன்னால் பேண்டு வாத்தியக்காரர்களும் சாண் உயரச் சிப்பாய்களும் வரிசையாக நின்றார்கள். காவியும் மஞ்சளும் துளிக் கறுப்பும் சிரட்டையில் கலந்திருந்தார். அளவெல்லாம் கிடையாது. தன் முழங்கைக்குப் பக்கத்தில் தூரிகையை வைத்துப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். மீசை ஒரே இழுப்பு: மூக்கடியில் தொடங்கி, கன்னத்தில் ஏறி, நுனியில் கூராக முடிந்தது. கண்ணோ பெரிது, வெள்ளையைச் சுற்றி மை தீட்டியதுபோல் கறுப்புக் கரை.

“இவ்வளவு பெரிசாக் கண்ணு வைக்கிறீங்களேம்மா?” என்றேன்.

“தம்பி, இவன் அஞ்சாம் படியில நிப்பான். கொலுப் பாக்க வர்றவுக அங்கிட்டு தள்ளி உக்காந்து சுண்டல் தின்னுக்கிட்டே பாப்பாக. அங்கிருந்து பாத்தாலும் அவன் முழிச்சுக்கிட்டு இருக்கணும்ல? காவக்காரன் தூங்குனா ஆகுமா? அம்புட்டுத்தேன்.”

சொல்லிக்கொண்டே சிப்பாயின் நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடுகள் போட்டார். திருநீறு. பக்கத்தவனுக்கு நாமம். யாரும் கேட்கவில்லை, அவராகவே போட்டார்.

எனக்கு அந்த இடத்தில் வேலூர் நினைவுக்கு வந்தது. மதராஸ் ராணுவத்தில் 1805, 1806இல் வந்த புது விதிகள் சிப்பாயின் முகத்தைக் குறிவைத்தன. அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடையை மழிக்கவேண்டும், மீசை ஒரே அச்சில் இருக்கவேண்டும். தலைக்குத் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை வேறு. தொப்பிபோல் இருந்த அதைக் கண்டு மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று சிப்பாய்கள் நினைத்தார்கள். 1806 ஜூலை 10 விடிவதற்குள் வேலூர்க் கோட்டை எழுந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் செத்தார்கள். அன்றே ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அதைவிட அதிகமான இந்தியச் சிப்பாய்களைக் கொன்று அடக்கியது. அப்புறம் விதிகள் விலக்கப்பட்டன. கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி ஜான் கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். மூன்று வெள்ளைக் கோட்டுக்கும் ஒரு மீசைக்கும் கொடுத்த விலை அது. பொத்தான்களை எண்ணி எண்ணி வைக்கிற எங்கள் கூட்டத்தில் சிப்பாயின் நெற்றியை வெறுமையாக விட்டுவிடுகிறவர்களே அதிகம். விளாச்சேரியில் அதை வெறுமையாக விட ஆளில்லை.

மறுநாள் ராமநாதபுரம். மானாமதுரை, பரமக்குடி தாண்டினால் இருபுறமும் சீமைக் கருவேலம்தான். கூடவே வரும் வைகை கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்குகிறது. சேதுபதிகளின் அரண்மனையில் ராமலிங்க விலாசம் என்று ஒரு மண்டபம். உள்ளே நுழைந்தவன் அண்ணாந்து, வாயை மூட மறந்து நின்றேன். சுவர், தூண், விதானம் எல்லாம் ஓவியம். ராமாயணம் ஒருபுறம் இருக்கட்டும். முத்து விஜய ரகுநாத சேதுபதியின் படையும் தஞ்சை மராத்தியர் படையும் மோதுகிற 18ஆம் நூற்றாண்டுப் போர் ஒன்று அங்கே நடந்துகொண்டிருக்கிறது. துப்பாக்கி ஏந்தியவர்கள், குதிரை வீரர்கள், யானை, பீரங்கி. வேறோரிடத்தில் சேதுபதி ஐரோப்பியர்களுக்குப் பேட்டி கொடுக்கிறார்.

என் கண் உடுப்பில் நின்றது. இங்கே நிழல் என்று ஒன்று கிடையாது. தட்டையான நிறம், உறுதியான வெளிக்கோடு. ஆனால் யார் எந்தப் பக்கத்து ஆள், யார் தொப்பிக்காரன் என்று தலைப்பாகையும் அங்கியுமே சொல்லிவிடுகின்றன. ஒருவன் முகத்தைத் தனியே தேடினால் ஏமாற்றம்தான். படையைப் படையாகப் பார்த்தால் காதில் இரைச்சல் கேட்கிறது. கட்டைவிரல் சிப்பாய் ஒருவனுக்காக மாதக்கணக்கில் உட்காருகிற எனக்கு, சுவர் நிறைய வீரர்களை நிறுத்திய அந்தப் பெயர் தெரியாத கைகளைக் கும்பிடத் தோன்றியது.

மதுரை திரும்பியதும் கோச்சடை. அய்யனாரும் முத்தையாவும் குடிகொண்ட கோயில். சுதைக் குதிரையில் வாளோடு வீற்றிருக்கும் காவல் தெய்வத்தை நட்ட நடுப்பகல் வெயிலில் கீழேயிருந்து பார்த்தேன். இங்கே ஓவியனுக்கு நிழல் தீட்டும் வேலை இல்லை. மதுரை வெயிலே அதைச் செய்துவிடுகிறது. அதனால் வண்ணம் பளீரென்று இருக்கிறது. வெயிலும் மழையும் தின்றுவிடும் என்பதால் இத்தகைய சிலைகளுக்குக் குடமுழுக்குதோறும் புதிதாகப் பூசுகிறார்கள். என் மேசையில் குற்றமாகும் அந்த உருண்டு விழித்த பார்வை இங்கே தெய்வத்தின் தொழில். இரவில் ஊரைச் சுற்றிவருபவர் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றால் திருடன் பயப்படுவானா?

ஆக, அச்சு அசலாக வரைவது என்பது ஒரே வித்தை அல்ல. ஒரு சாண் தூரத்தில் கண்ணாடி போட்டுப் பார்ப்பவருக்கு ஒரு முகம், கொலுவுக்கு வந்தவருக்கு ஒரு முகம், அண்ணாந்து பார்க்கும் பக்தருக்கு ஒரு முகம். எங்கே நிற்கப்போகிறான், யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத் தூரிகையைத் தொடுகிறவரே தேர்ந்த கைக்காரர். என் பார்வையில் விளாச்சேரி அம்மா எந்த நாட்டு விற்பன்னருக்கும் இளைத்தவர் அல்ல.

நவராத்திரிக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் மதுரைப் பக்கம் போகிறவர்கள் விளாச்சேரிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். தசாவதாரமும் அஷ்டலட்சுமியும் எங்கும் கிடைக்கும். சிப்பாய் இருக்கிறாரா என்று கேட்டு வாங்குங்கள். அவர் மீசைக்குப் பேரம் பேசாதீர்கள்.