பெரம்பூர்ப் பிள்ளையின் வீடு

அம்பத்தூர் ஓ.டி.,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடி ஏறாதே. அத்தானிடம் சொல்லிக் கட்டிலைக் கீழேயே போடச் சொல்.

நேற்று புதுச்சேரி போய் வந்தோம். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, ஆவடி, பட்டாபிராம் தாண்டி நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தோம். வண்டலூர், திண்டிவனம், அங்கிருந்து புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர் மாளிகையும் தோட்டமும் பார்க்க வேண்டும் என்று சின்னவள் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது வேறொரு வீடு. எது என்று உனக்குத் தெரியும்.

முதலில் அவள் ஆசைப்படி பாரதி பூங்கா பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போனோம். அதுவே ஒரு பழைய பிரெஞ்சு வீடு. அரிக்கமேட்டு மணிகள், பானை ஓடுகள், சோழர் கால வெண்கலங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போனால், ஓர் அறையில் நாற்காலி, மேசை, கண்ணாடி என்று பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த கூடத்தையே வைத்திருக்கிறார்கள். கவர்னர் டூப்ளே படுத்ததாகச் சொல்லும் கட்டிலும் இருக்கிறது. சின்னவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “அவரோட அரண்மனை எங்கம்மா?” என்று கேட்டாள். இல்லையடி, 1761 ஜனவரியில் ஊரைப் பிடித்த இங்கிலீஷ்காரர்கள் கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள், இப்போது நாம் தெருத்தெருவாகப் பார்க்கும் மஞ்சள் வீடுகள் அதற்கப்புறம் எழுந்தவை என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

வா, அந்தக் காலத்து வீடு ஒன்று நிற்கிறது, காட்டுகிறேன் என்று ரங்கப்பிள்ளை தெருவுக்கு அழைத்துப் போனேன்.

அக்கா, கடைகளும் சைக்கிளும் நெரிசலுமாக இருக்கும் அந்தத் தெருவில், டூப்ளேக்கு மொழிபெயர்க்கும் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருந்ததால் உள்ளே போக முடிந்தது. கீழே முழுக்க நம் ஊர் வீடு. செதுக்கு வேலை செய்த மரத்தூண்கள், தாழ்வாரம், முற்றத்து வெளிச்சம். மாடிக்குப் போனால் வெள்ளை வெளேரென்று பிரெஞ்சுக்காரர் பாணியில் சுண்ணாம்புத் தூண்கள். 1730களில் கட்டிய வீடு. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு ஊர். காலையில் துரையோடு பேசிவிட்டு, வீடு திரும்பி, தமிழில் நாட்குறிப்பு எழுதிய மனிதருக்கு வேறு எப்படி வீடு அமையும்?

ஐ.சி.எஃப். ஷிப்ட் முடிந்து வந்து, கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி அப்பா அந்த நாட்குறிப்பை நமக்குப் படித்துக் காட்டியது நினைவிருக்கிறதா? “நம்ம பெரம்பூர்க்காரர்” என்றுதான் ஆரம்பிப்பார். 1709-இல் பிள்ளை பிறந்தது பெரம்பூரில் என்பதில் அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாருக்கு லஞ்சம் கொடுத்தார்கள், யார் யாரை அவமதித்தார்கள் என்று 1736 செப்டம்பரிலிருந்து சாகும்வரை இருபத்து நாலு வருஷம் எழுதியிருக்கிறார். 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னைப்பட்டணத்தைப் பிடித்த பகுதி வந்தால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். நம் கோட்டை, நம் கடற்கரை அல்லவா!

பிள்ளைக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த நைனியப்பப் பிள்ளை சிறையில் செத்த கதையைப் படித்த அன்று நீ சாப்பிடவில்லை. பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷாக இருந்தவரையே குற்றம் சாட்டி, உள்ளே தள்ளி, 1717-இல் அங்கேயே சாகவிட்டார்கள். அவர் மகன் குருவப்பர் கப்பலேறிப் பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். ‘செவாலியே’ பட்டத்தோடு திரும்பி வந்து தகப்பன் வகித்த பதவியிலேயே உட்கார்ந்தார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மகன் தகப்பனுக்காக ஏழு கடல் தாண்டினான் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இதையெல்லாம் மரத்தூணைத் தொட்டபடி சின்னவளுக்குச் சொன்னேன். கட்டிலைப் பார்த்தபோது இருந்ததைவிட அமைதியாகக் கேட்டாள்.

பிள்ளை இறந்ததும் ஊர் விழுந்த அதே 1761 ஜனவரியில்தான். கவர்னர் மாளிகை போயிற்று, துபாஷ் வீடு நிற்கிறது.

மத்தியானம் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட தோட்டம். பெரோத்தே என்ற தாவரவியலார் எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து வளர்த்த மரங்களின் நிழலில் கட்டுச்சோறு பிரித்தோம். புளியோதரை. நீ சொன்ன மாதிரி வறுத்த எள் பொடி தூவியிருந்தேன்.

சாயங்காலம் மறுபடி பாரதி பூங்கா, ஆயி மண்டபம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குள் நல்ல தண்ணீர் வந்ததன் நினைவாகக் கட்டியது. தன் வீட்டை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டினாள் என்று சொல்லப்படும் தாசி ஆயியின் பெயரைப் பிரெஞ்சுக்காரர்களும் மறக்கவில்லை. அம்பத்தூர் ஏரியைத் தினமும் பார்க்கிற எனக்கு, அவளுக்கு ஒரு கும்பிடு போடாமல் வர மனசில்லை.

அப்பா ஒருமுறையாவது அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாம் கூட்டிப்போகவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அவர் பென்சிலில் கோடு போட்டுப் படித்த நாட்குறிப்புப் புத்தகம் உன் பீரோவில்தானே இருக்கிறது? கரையான் பிடிக்காமல் வெயிலில் காயவை. பங்குனியில் இங்கே வரும்போது கையோடு எடுத்துவா. கால் தேறியிருந்தால் உன்னையும் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை போகலாம்; கீழ்க்கூடம் மட்டும் பார்த்தால் போதும், படியேற வேண்டாம்.

அத்தானுக்கு என் நமஸ்காரம்.

உன் அன்புத் தங்கை